வீட்டிற்கும் பள்ளிக்கும் இடையே

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், சங்கரன்கோவிலுக்கு மேற்கே அமைந்துள்ள ஊர் புளியங்குடி. திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலை இவ்வூரின் வழியே செல்கின்றது. நெடுங்காலம் திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்த இவ்வூர், 2019-ஆம் ஆண்டில் தென்காசி மாவட்டம் உருவானபொழுது அதனுடன் சேர்ந்தது. புளியங்குடி என்றவுடன் தென்பாண்டி மக்களின் நினைவிற்கு வருவது எலுமிச்சையே. கதிரவன் தலைகாட்டுமுன் தோட்டங்களில் ஆள் நடமாட்டம் தொடங்கிவிடும். முள் கையைக் கீறக் கீறப் பழம் பறிப்போர் ஒருபுறம். பறித்த பழத்தைப் பெரிது சிறிது எனத் தரம் பிரிப்போர் ஒருபுறம். மூட்டை கட்டிச் சந்தைக்குச் சுமப்போர் மற்றொரு புறம். அங்கிருந்து பழம் மலையைக் கடந்து கேரளம் செல்லும். வீட்டிலிருக்கும் பெண்களுள் பலர் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவர்.

இத்தகைய ஊரில் பள்ளிக்கூடத்தின் மணி அடிக்கும்பொழுது, மாணவனின் தந்தை வேலைக்குச் சென்று மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். ஆசிரியரோ பக்கத்து ஊரிலிருந்து பேருந்தில் வந்து இறங்குவார். மாலையில் தந்தை வீடு திரும்புமுன் பேருந்தேறிவிடுவார். இவ்வாறு ஒரே பிள்ளையின்பொருட்டு உழைக்கும் இருவர் ஆண்டு முழுவதும் ஒருவரையொருவர் காணாமலே இருந்துவிடுதல் கூடும். இருவரையும் நாள்தோறும் காண்பவன் ஒருவனே. அவன் அந்தப் பிள்ளை.

ஆதலின் பள்ளிக்கும் வீட்டிற்கும் தூதனாக இருப்பவன் மாணவனே. தூதின் பெருமையைத் தமிழர் நன்கறிவர். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் ஒளவையார் தூது சென்றதை நாம் படித்திருக்கின்றோம். வள்ளுவரும் தூதிற்கென ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். ஆனால், தன்னைப்பற்றிய குற்றச்சாட்டைத் தானே சுமந்து சென்று தன் தந்தையிடம் கொடுக்கவேண்டிய இக்கட்டு ஒளவையாருக்கு நேர்ந்ததில்லை. அது நம் பள்ளி மாணவர்க்கே உரியது!

எட்டாம் வகுப்பில் பயிலும் ஒரு மாணவனை மனத்தில் எண்ணிக்கொள்வோம். அவன் தந்தை எலுமிச்சைத் தோட்டத்தில் கூலி வேலை செய்பவர். தம் பெயரை எழுதக் கற்றவர். அதற்குமேல் படிக்க அறியார். பையன் ஒரு திங்களில் ஆறு நாள் பள்ளிக்கு வரவில்லை. கணக்குப் பாடம் உள்ள காலை வேளைகளிலேயே அவன் காணாமற்போகின்றான். ஆசிரியர் ஒரு கடிதம் எழுதுகின்றார்: “தங்கள் மகன் அடிக்கடி பள்ளிக்கு வருவதில்லை. பாடத்தில் கவனமும் இல்லை. தாங்கள் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளிக்கு வரவும்.” பையன் அதை வீட்டிற்குக் கொண்டு செல்கின்றான். “என்ன எழுதியிருக்கிறது, வாசி” என்கின்றார் தந்தை. பையன் கடிதத்தைப் பிரித்து, கண்ணருகே பிடித்துக்கொண்டு வாசிக்கின்றான்: “தங்கள் மகன் நன்றாகப் படிக்கின்றான். இதைத் தெரிந்துகொண்டதற்கு அடையாளமாகக் கையெழுத்திடவும்.” தந்தையின் முகம் மலர்கின்றது. ஒவ்வோர் எழுத்தாக எழுதித் தம் கையொப்பத்தை இடுகின்றார்.

மறுநாள் அக்கையொப்பம் ஆசிரியரின் கைக்கு வருகின்றது. திங்கட்கிழமை வந்தது, தந்தை வரவில்லை. “கடிதத்தைப் படித்துக் கையெழுத்தும் இட்டுவிட்டு, வராமல் இருந்துவிட்டாரே! தம் பிள்ளையின்மீது இவருக்கு அக்கறை இல்லை” என்று ஆசிரியர் முடிவு செய்கின்றார். தோட்டத்தில் தந்தையோ, “என் பிள்ளையைப் பள்ளியில் புகழ்ந்து எழுதியிருக்கின்றார்கள்” என்று உடன் வேலை செய்வோரிடம் கூறிக்கொண்டிருக்கின்றார். ஒரு கையெழுத்து இருவரையும் ஏமாற்றிவிட்டது. பையன் செய்தது பிழையே. ஆயினும், கடிதம் அனுப்பியதோடு செய்தி சென்று சேர்ந்துவிட்டது என்று எண்ணியதும் பிழையன்றோ? இந்தப் பையனை இங்கே நிறுத்திவிட்டுச் சற்றே பின்னோக்கிச் செல்வோம்.

புளியங்குடியிலிருந்து கிழக்கு நோக்கிச் சென்றால் சங்கரன்கோவில், கழுகுமலை, கோவில்பட்டி ஆகிய ஊர்களைக் கடந்து எட்டயபுரத்தை அடையலாம். பாரதியார் பிறந்த அவ்வூரில், 1956-ஆம் ஆண்டில், முதலமைச்சர் காமராசர் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு வழங்கும் பணியைத் தொடங்கிவைத்தார். தொடக்கத்தில் இஃது ஊராரின் கொடையைக்கொண்டே நடந்தது. ஒரு வீட்டார் தானியம் கொடுத்தனர். ஒரு வீட்டார் காய்கறி கொடுத்தனர். இயன்றோர் காசு கொடுத்தனர். அடுத்த ஆண்டில் அரசும் பொருளுதவி செய்ய முன்வந்தது. அக்காலத்தில் கல்வித்துறையின் இயக்குநராக இருந்தவர் நெ. து. சுந்தரவடிவேலு. காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கத்தில் 1912-இல் பிறந்த இவர், பிற்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் விளங்கினார். ஊரார் உணவிற்குக் கொடுக்க முன்வந்ததைக் கண்ட இவர், அவர்களைப் பள்ளியின் மற்றத் தேவைகளுக்கும் துணை சேர்க்க எண்ணினார். 1958-ஆம் ஆண்டில் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு தொடங்கிற்று. பின்னர் அது நாடெங்கும் பரவியது.

அம்மாநாடுகள் நடந்த முறையை நாம் கருதிப் பார்த்தல் வேண்டும். முதலில் ஆசிரியர்கள் தத்தம் பள்ளிக்கு வேண்டியவற்றைப் பட்டியலாக எழுதினர். கரும்பலகை வேண்டும், நாற்காலி வேண்டும், கடிகாரம் வேண்டும், கூரை வேயவேண்டும், ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை வேண்டும் என்பன போன்ற சிறு தேவைகளே அவற்றுள் பல. அப்பட்டியலை ஏந்தி ஊராரிடம் சென்றனர். “பள்ளிக்கு உதவுங்கள்” என்று பொதுவாகக் கேட்டால் எவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவர். “மூன்றாம் வகுப்பிற்கு ஒரு கரும்பலகை இல்லை” என்று கூறினால், “அதை நான் தருகின்றேன்” என்று சொல்ல ஒருவர் முன்வருவார். 1961-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் மாநிலத்தில் எழுத்தறிந்தோர் ஏறத்தாழ மூவரில் ஒருவரே. பள்ளியின் வாயிலையே மிதித்தறியாத பெற்றோர் பலர், தாம் கொடுத்த பொருளைக் காண்பதற்காகவேனும் அக்காலத்தில் பள்ளிக்குள் வந்தனர். ‘அரசாங்கத்தின் பள்ளிக்கூடம்’ என்று இருந்தது, ‘நம் பள்ளிக்கூடம்’ ஆயிற்று.

இவ்வியக்கத்தின் பெருமையை எவ்வளவு கூறினும் தகும். எனினும், ஒரு குறையைக் கூறாமல் விடுதற்கில்லை. மாநாட்டுப் பந்தலில் மேடைமீது இருந்தோர் பேசினர்; கீழே இருந்தோர் கேட்டனர்; கேட்டபின் கொடுத்தனர். ‘உங்கள் பிள்ளையைப்பற்றி நீங்கள் அறிந்தது யாது?’ என்று கீழே இருந்தோரைக் கேட்பதற்கு அத்தகைய பெருங்கூட்டத்தில் இடமில்லை. பெற்றோரிடம் பொருள் கேட்பது ஒன்று. சொல் கேட்பது வேறொன்று.

சொல் கேட்பதற்கெனத் தனி அமைப்பு வேண்டும் என்னும் எண்ணம் உலகின் பிற பகுதிகளில் முன்னரே தோன்றியிருந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் 1897-ஆம் ஆண்டில் தாய்மார் மாநாடு ஒன்று கூடிற்று. ஆலிஸ் பர்னி, ஃபீபி ஹெர்ஸ்ட் என்னும் இரு பெண்மணிகள் அதனைக் கூட்டினர். தாய்மாரைக்கொண்டு தொடங்கிய அவ்வமைப்பே பின்னர் ஆசிரியரையும் சேர்த்துக்கொண்டு பெற்றோர் ஆசிரியர் கழகமாக வளர்ந்தது. நம் மாநிலத்தில் பெற்றோர் ஆசிரியர் கழகம் 1964-ஆம் ஆண்டில் தோன்றியது. பொதுத்தேர்வு எழுதும் மாணவர் பலர், அக்கழகம் வெளியிடும் வினாத்தாள் தொகுப்பின் வாயிலாகவே அதன் பெயரை அறிவர்.

ஜப்பான் நாட்டின் வழக்கம் ஒன்று நம் பையனின் கதைக்கு நெருங்கியது. அங்குத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் ‘தொடர்பு ஏடு’ ஒன்று இருக்கும். ஆசிரியர் அதில் எழுதுவார். பெற்றோர் விடை எழுதுவர். ‘நேற்று இரவு இவன் நன்றாக உறங்கவில்லை’ என்று தாய் எழுதலாம். ‘இன்று நண்பனோடு பூசலிட்டு, தானே சென்று சமாதானம் செய்துகொண்டான்’ என்று ஆசிரியர் எழுதலாம். குற்றம் நேர்ந்தபொழுது மட்டும் வரும் கடிதம் அன்று அது. நல்லதும் தீயதும் கலந்து ஓடும் பேச்சு. மேலும், ஏப்ரலில் பள்ளியாண்டு தொடங்கியபின், வகுப்பாசிரியர் தம் மாணவரின் வீடுகளுக்கு நேரில் செல்லும் வழக்கமும் அங்கு உண்டு. அண்மைக் காலத்தில் பல இடங்களில் அது குறைந்துவருகின்றது. ஆயினும், பிள்ளை எந்த வழியே நடந்து வருகின்றான், எந்த மூலையில் அமர்ந்து படிக்கின்றான் என்பதை ஒருமுறை கண்ணால் கண்ட ஆசிரியருக்கும் காணாத ஆசிரியருக்கும் வேறுபாடு உண்டு.

நம் நாட்டில் இன்று இஃது ஆசிரியரின் விருப்பத்திற்கு விடப்பட்ட செயல் அன்று. 2009-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. பெற்றோரை முறையாகக் கூட்டி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றை அவர்களுக்கு எடுத்துரைத்தல் ஆசிரியரின் கடமை என்று அச்சட்டத்தின் 24-ஆம் பிரிவு கூறுகின்றது. 21-ஆம் பிரிவோ பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கவேண்டும் என்கின்றது. அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டில் அரசுப் பள்ளிகள்தோறும் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. அப்பொழுது உறுப்பினர் 20 பேர். அவர்களுள் 15 பேர் பெற்றோர். 2024-இல் முன்னாள் மாணவரையும் சேர்த்து எண்ணிக்கை 24 ஆயிற்று.

சட்டம் நாற்காலியைப் போடும். அதில் அமர்ந்தவரைப் பேசவைத்தல் சட்டத்தால் ஆவதன்று. பள்ளியில் தாம் அடிபட்ட நினைவோடு வரும் தந்தையும், பள்ளிக்கே செல்லாத தாயும், தலைமையாசிரியரின் மேசைக்கு முன்னர் எளிதில் வாய் திறவார். “எல்லாம் நீங்கள் பார்த்துச் செய்யுங்கள், ஐயா” என்று கூறி எழுந்துவிடுவர். கூட்டம் நடந்தது என்று பதிவேட்டில் எழுதலாம், பேச்சு நடக்கவில்லை. கூட்டத்தின் நேரமும் கருதத்தக்கது. வேலை நாளில் காலை பத்து மணிக்குக் கூட்டினால், ஒரு நாள் கூலியை விட்டே தந்தை வரவேண்டும். வராதவரை அக்கறையற்றவர் என்று கூறுமுன், அக்கூலியை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மறுபுறம் ஆசிரியரின் நிலையையும் நாம் மறத்தலாகாது. நாற்பது பிள்ளைகளின் ஏடுகள், நிரப்பவேண்டிய பதிவேடுகள், பிடிக்கவேண்டிய பேருந்து ஆகிய இவற்றுக்கிடையே நாற்பது வீடுகளுக்கும் செல்லுதல் எளிதன்று.

2020-ஆம் ஆண்டில் கொரோனா நோயினால் பள்ளிகள் மூடப்பட்டபொழுது, கைபேசியே பள்ளியின் வாயிலாயிற்று. அன்று தொடங்கிய வாட்ஸ்அப் குழுக்கள் பல வகுப்புகளில் இன்றும் உள்ளன. அவை நன்று. ஆயினும், வீட்டில் இருப்பது ஒரே கைபேசியாயின், அது தந்தையோடு தோட்டத்திற்குச் சென்றுவிடும். எழுத்தறியாத தாய்க்கு எழுத்தில் வந்த செய்தியால் பயனில்லை. அத்தகையோர்க்கு ஆசிரியர் தம் குரலிலேயே பதிந்து அனுப்பும் நான்கு சொற்கள் பெரிதும் உதவும். நாற்பது பெற்றோரும் காணும் இடத்தில் ஒரு பிள்ளையின் குறையை எழுதுதல் மட்டும் ஒருபோதும் ஆகாது. தந்தை தலைகுனிந்தால், அதன் வலி அன்றிரவே பிள்ளையின் முதுகில் இறங்கும்.

இனி, நாம் நிறுத்திவைத்த பையனிடம் திரும்புவோம். அவனைப்பற்றி அவன் பள்ளியில் அறிந்தோர் பலர். கரும்பலகையில் எழுதிய கணக்கை அவன் தவறாகவே பார்த்தெழுதுகின்றான் என்பது கணக்காசிரியருக்குத் தெரியும். ‘கவனமின்மை’ என்று அவர் அதற்குப் பெயரிட்டிருந்தார். ஒருமுறை செவியால் கேட்ட செய்யுளைப் பிழையின்றி ஒப்பிப்பான் என்பது தமிழாசிரியருக்குத் தெரியும். எறிந்த பந்தை அவனால் பிடிக்க இயலாது என்பது உடற்கல்வி ஆசிரியருக்குத் தெரியும். ‘சோம்பல்’ என்று அவர் எண்ணியிருந்தார். கணக்கு வேளையில் காணாமற்போகும் பையன் மதிய உணவிற்குத் தவறாமல் வந்துவிடுகின்றான் என்பதைச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் அம்மையார் அறிவார். அவரை எவரும் கேட்டதில்லை. இவர்கள் அனைவரும் நாள்தோறும் ஒரே வளாகத்தில் பழகுவோரே. தேர்வு அட்டவணையைப்பற்றியும் விடுமுறையைப்பற்றியும் பேசிக்கொண்டனர். இந்தப் பையனைப்பற்றிப் பேச நேரவில்லை. பள்ளிக்கும் வீட்டிற்கும் இடையே உள்ள தொலைவு பெரிதென்கின்றோம். ஆசிரியர் அறையில் ஒரு நாற்காலிக்கும் அடுத்த நாற்காலிக்கும் இடையே உள்ள தொலைவும் சில வேளைகளில் சிறிதன்று.

ஒரு நாள் மாலை வகுப்பாசிரியர் பேருந்தைத் தவறவிட்டார். அன்றிரவு நண்பர் ஒருவர் வீட்டில் தங்கி, விடியற்காலையில் தேநீர் அருந்த எலுமிச்சைச் சந்தைப் பக்கம் சென்றார். அங்கே மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் இவரைக் கண்டு தோளிலிருந்த துண்டை எடுத்தார். அவர்தாம் பையனின் தந்தை.

“வாருங்கள், ஐயா! நீங்கள் என் மகனைப் புகழ்ந்து எழுதிய கடிதம் கிடைத்தது. ஊரெல்லாம் சொல்லிவிட்டேன்” என்றார் அவர்.

ஆசிரியர் திகைத்தார். உண்மையை உடனே கூறிவிட அவருக்கு நாவெழவில்லை. “வீட்டில் அவன் எப்படி இருக்கின்றான், அண்ணாச்சி?” என்று மட்டும் கேட்டார்.

“படிப்பிலேயே குறியாக இருக்கின்றான், ஐயா. புத்தகத்தை மூக்கில் ஒட்டிவைத்துக்கொண்டுதான் படிப்பான். அப்படி ஓர் ஆர்வம்! அவன் அம்மாவுக்குப் பீடி கட்டும் நூலை எடுத்துக் கொடுக்கச் சொன்னால்தான் தரையெல்லாம் தடவிக்கொண்டிருப்பான். தலைவலி என்றும் சில நாள் படுத்துக்கொள்வான். பிள்ளை அதிகம் படிக்கின்றான் போலும் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.”

ஆசிரியர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. தவறாக எழுதிய கணக்குகள், பிடிக்காமல் விட்ட பந்து, கடைசி வரிசையில் அவன் அமரும் இடம் ஆகியவை ஒவ்வொன்றாக அவர் நினைவிற்கு வந்தன. கவனமின்மை என்றும், சோம்பல் என்றும், ஆர்வம் என்றும் பலர் பல பெயரிட்டு அழைத்தது ஒன்றையே. பள்ளி ஒரு பாதியையும் வீடு ஒரு பாதியையும் தனித்தனியே வைத்துக்கொண்டிருந்தன. பையனும் தன் கண்ணில் குறை இருப்பதை அறியான். எல்லார்க்கும் கரும்பலகை அவ்வாறே மங்கலாகத் தெரிகின்றது என்றும், தனக்கு மட்டும் கணக்கு வரவில்லை என்றும் அவன் நம்பியிருந்தான். இன்னும் ஓராண்டு இவ்வாறே சென்றிருந்தால், அவன் பள்ளியை விட்டு இந்தச் சந்தைக்கே மூட்டை சுமக்க வந்திருப்பான்.

பள்ளி மாணவரின் கண்களைச் சோதித்து இலவசமாகக் கண்ணாடி வழங்கும் அரசுத் திட்டம் நம் மாநிலத்தில் உள்ளது. சில வாரங்களில் பையன் கண்ணாடி அணிந்து வந்தான். முதல் நாள் அவன் கணக்கைக் கவனிக்கவில்லை. சன்னல் வழியே தெரிந்த மலையையே பார்த்துக்கொண்டிருந்தான். மலையின்மேல் மரங்கள் தனித்தனியே நிற்கின்றன என்பதை அன்றுதான் அவன் கண்டான். கணக்காசிரியர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை.

தேர்வு முடிந்தபின் ஆசிரியர் மற்றொரு கடிதம் எழுதினார். இம்முறை கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு வைத்திருந்தார். “என்ன எழுதியிருக்கிறது, வாசி” என்றார் தந்தை. கணக்கில் நாற்பத்திரண்டு மதிப்பெண் என்றும், இன்னும் உழைக்கவேண்டும் என்றும், வருகை குறைவில்லை என்றும், பெற்றோர் இருவரும் வெள்ளிக்கிழமை மாலை வரவேண்டும் என்றும் அதில் இருந்தது. பையன் கடிதத்தைக் கையெட்டும் தொலைவில் பிடித்துக்கொண்டு, எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே வாசித்தான்.